ஏரிக்கரைக்குப் போன சமையற்கட்டு

சட்டமன்றத் தேர்தலுக்கு மறுநாள் காலை மரகதவல்லி டீச்சர் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தபோது, இருபத்திரண்டு வருஷமாக எதிரில் நின்றிருந்த போஸ்ட் மாஸ்டரின் பச்சை மாடி வீடு அங்கே இல்லை. அந்த இடத்தில், ரயில்வே லைனுக்குக் கிழக்கே காமாட்சி நகரில் இருக்க வேண்டிய ஒரு ரோஸ் கலர் வீடு, மொட்டை மாடிக் கொடியில் காயப்போட்ட லுங்கியும் பாவாடையும் அப்படியே இருக்க, வாசலில் பைக்கும் துளசிச் செடியும் அப்படியே இருக்க, கட்டின நாளிலிருந்தே இங்கேதான் இருக்கிறேன் என்பதுபோல நின்றுகொண்டிருந்தது. வீட்டுக்காரர் கேட்டருகே பல் விளக்கிக்கொண்டிருந்தார். டீச்சரைப் பார்த்ததும் வாயில் நுரையோடு வணக்கம் சொன்னார். டீச்சரும் வாளியைக் கீழே வைத்துவிட்டு வணக்கம் சொன்னார்.

"இந்தப் பக்கம் தண்ணி எப்படிங்க வருது?" என்று அவர் கேட்டார்.

"ஒரு நாள் விட்டு ஒரு நாள்."

"அங்க தினம் வந்துட்டிருந்தது" என்று சொல்லிவிட்டு அவர் வாய் கொப்பளிக்க உள்ளே போனார்.

கொன்றைப்பாக்கம் பட்டணத்திலிருந்து மின்சார ரயிலில் ஒன்றேகால் மணி நேரத் தூரம். ஒரு பக்கம் பைபாஸ், இன்னொரு பக்கம் ஏரி, நடுவில் தண்டவாளம், தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்டதுபோல நகர்கள். இந்த ஊருக்கு ஒரே ஒரு பெயர்தான் உண்டு, யாருக்கு ஓட்டுப் போடும் என்று யாராலும் சொல்ல முடியாத ஊர் என்ற பெயர். ஏழு தேர்தலாகக் குடைக் கட்சியும் ஊஞ்சல் கட்சியும் சில நூறு ஓட்டு வித்தியாசத்தில்தான் மாறி மாறி வந்தன. பட்டணத்திலிருந்து கருத்துக் கணிப்புக்காரர்கள் வந்து, தெருவாகப் பார்த்தார்கள், சாதியாகப் பார்த்தார்கள், வாடகைக்கு இருப்பவர் சொந்த வீட்டுக்காரர் என்று பார்த்தார்கள், எந்தக் கணக்கிலும் ஊர் அடங்கவில்லை. குடைக்காரர் வந்து கேட்டால் குடைக்குத்தான் என்பார்கள், ஊஞ்சல்காரர் வந்தால் ஊஞ்சலுக்குத்தான் என்பார்கள். அதைப் பொய் என்று யாரும் நினைக்கவில்லை. வெயிலில் வந்தவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பதுபோல அது ஒரு மரியாதை.

அப்படிப்பட்ட ஊரில், பொழுது விடிவதற்குள், குடைக்குப் போட்ட வீடுகள் எல்லாம் தண்டவாளத்துக்கு மேற்கேயும் ஊஞ்சலுக்குப் போட்ட வீடுகள் எல்லாம் கிழக்கேயும் போய் உட்கார்ந்துவிட்டன. ஒரு சுவர் விரிசல் விடவில்லை, ஒரு பல்லி கீழே விழவில்லை. ஓட்டே போடாமல் மூன்று நாள் லீவு கிடைத்ததென்று கடற்கரை ஊருக்குப் போயிருந்தவர்களின் பத்து மாடிக் குடியிருப்பு மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது, அவர்களுக்கு விஷயமே திங்கட்கிழமைதான் தெரிந்தது. நோட்டாவுக்குப் போட்ட வீடுகளும் இடம் மாறவில்லை, ஆனால் தெருவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றன. அந்த வீட்டுக்காரர்கள் அன்றிலிருந்து சாக்கடைச் சந்து வழியாக வெளியே வந்து போனார்கள்.

இதற்கு என்ன அர்த்தம் என்று முதலில் கண்டுபிடித்தது மரகதவல்லி டீச்சர்தான். நகராட்சி உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர், அதோடு வாக்காளர் பட்டியலின் நூற்றுப் பன்னிரண்டாம் பாகத்துக்கு வாக்குச்சாவடி நிலை அலுவலர். தொள்ளாயிரத்துச் சொச்சம் பெயரும் அவருக்கு மனப்பாடம், யாருக்குக் கல்யாணமாகிப் போயிற்று, யார் இறந்தார், யாருடைய அப்பா பெயரில் எழுத்துப் பிழை என்பதெல்லாம் விரல் நுனியில். வீடு தேடி சிலிப் கொடுக்கப் போகும்போது பேச்சுவாக்கில் காதில் விழுந்ததையும், இப்போது எந்த வீடு எங்கே நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்ததும், காலை எட்டு மணிக்கெல்லாம் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. பட்டியலை மூடி பீரோவில் வைத்தார்.

அவருடைய கணவர் தணிகாசலம், ஸ்டேஷன் ரோட்டில் ஹார்டுவேர் கடை, பத்தொன்பது வருஷமாகக் குடைக் கட்சியின் வட்டச் செயலாளர். வெள்ளைச் சட்டையைத் தவிர வேறு நிறம் உடுத்தாதவர். ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தவர் முகத்தில் சந்தோஷமும் கோபமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்றன.

"அந்தப் போஸ்ட் மாஸ்டர், பத்தொன்பது வருஷமா என் கையைப் புடிச்சுக்கிட்டு, நம்ம குடைதான் தணிகாசலம்னு சொன்ன மனுஷன், ஊஞ்சல்காரன் ஆபீசுக்குப் பக்கத்து வீடா போய் நிக்கிறாரு. போய்ப் பாத்தேன். காபி குடிக்கிறியான்னு கேக்குறாரு."

"குடிச்சீங்களா?"

"குடிச்சேன். தேர்தலுக்கு நாம கொடுத்த எவர்சில்வர் குடத்துலேருந்துதான் தண்ணி மோந்து ஊத்துனாங்க."

ஒரே மனசாக ஓட்டுப் போட்ட வீடுகள் முதல் நாளே போய்விட்டன என்பதும், இரண்டு மனசுள்ள வீடுகள் கொஞ்சம் யோசிக்கின்றன என்பதும் அதற்கடுத்த நாள் தெரிந்தது. இரண்டாம் நாள் காலை பேங்க் கேஷியர் வீட்டு பூஜை அறை, அவருடைய அம்மா உள்ளே விளக்கேற்றிக்கொண்டிருக்கும்போதே, மெதுவாகக் கிளம்பிக் கிழக்கே போயிற்று. மூன்றாம் நாள் காண்ட்ராக்டர் ஒருவரின் மூன்று மாடியும் மனைவி மகள் மருமகனோடு தண்டவாளம் தாண்டிப் போக, அவருக்கென்று மேற்கில் மிஞ்சியது ஒரு பாத்ரூம். எந்த அறை யாருடையது என்பதை வீடே முடிவு செய்தது. அதில் மேல்முறையீடு கிடையாது.

"நம்ம வீடும் போயிட்டா என்னங்க பண்றது?" என்று டீச்சர் மூன்றாம் நாள் சாப்பாட்டின்போது கேட்டுப் பார்த்தார்.

தணிகாசலம் சிரித்தார். "எங்க போகும்? இருக்க வேண்டிய இடத்துலதானே இருக்கு."

நாலாம் நாள் காலை அவர் காபி கேட்டார். பதில் வராததால் எழுந்து போய்ச் சமையற்கட்டுக் கதவைத் திறந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் வெயிலும், ஒரு கறிவேப்பிலைச் செடியும், காம்பவுண்டுச் சுவரும் இருந்தன. டீச்சர் அந்தச் செடியருகே, கையில் பால் பாக்கெட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

"கிழக்கயா?" என்று கேட்டார் தணிகாசலம்.

"கிழக்கன்னு சொல்ல முடியாதுங்க. ஊஞ்சல் இல்ல."

"ஊஞ்சல் இல்லைன்னா?"

"வண்டியை எடுங்க. எனக்கு இடம் தெரியும்னு நினைக்கிறேன்."

ரயில்வே கேட்டைத் தாண்டி, காமாட்சி நகரைத் தாண்டி, வண்டி ஏரிக்கரை ஏறியது. கரைமேல் ஒரு காலத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திய ஜெபமணியின் ஓடு போட்ட வீடு மட்டும்தான் எப்போதும் இருக்கும். ஜெபமணி நாலு தேர்தலாகச் சுயேச்சையாக நிற்பவர், சின்னம் முக்காலி. ஒவ்வொரு தடவையும் நூற்றுப் பன்னிரண்டாம் பாகத்தில் முக்காலிக்கு ஒரே ஒரு ஓட்டு விழும், எண்ணி முடித்ததும் குடைக்காரர்களும் ஊஞ்சல்காரர்களும் பகையை மறந்து அந்த ஒரு ஓட்டைப் பற்றிச் சிரிப்பார்கள். தணிகாசலம்தான் அதில் அதிகம் சிரிப்பவர். யாருடா அந்தப் புண்ணியவான் என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்கு வருவார், டீச்சர் தட்டு வைப்பார்.

இப்போது அந்த ஓட்டு வீட்டைச் சுற்றி, கரை நெடுகிலும், சமையற்கட்டுகள் நின்றன. வீடில்லாத சமையற்கட்டுகள். மொசைக் தரை போட்டவை, சிமெண்டுத் தரை போட்டவை, மிக்சியோடும் முருகன் காலண்டரோடும், ஒன்றில் அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டும். தணிகாசலம் வண்டியில் உட்கார்ந்தபடியே எண்ணினார். முப்பத்தெட்டுச் சமையற்கட்டு, இரண்டு பூஜை அறை, தையல் மெஷின் வைத்த ஒரு வராந்தா. நடுவில், நீல டைல்ஸ் ஒட்டின, அவரே தன் கடைச் சாமான் போட்டுக் கட்டின அவருடைய சமையற்கட்டு.

டீச்சர் ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். பதினாறு வருஷமாக அந்த ஓட்டு தன் ஒருத்தியுடையது மட்டும்தான், மற்றப் பாகங்களில் விழுவதெல்லாம் சின்னம் மாறி அழுத்தியது என்று நினைத்திருந்தவர். அவரைப் போலவே ஒவ்வொரு பாகத்திலும் ஒருத்தியோ இரண்டு பேரோ, தன்னைத் தவிர வேறு யாரும் இல்லை என்று நினைத்தபடியே போட்டிருந்தார்கள். ஒரு வாசலில் மெகருன்னிசா, ஏற்றுமதிக்குத் துணி தைக்கிற கம்பெனியில் வேலை பார்ப்பவள், டீச்சரிடம் படித்த ரிஸ்வானாவின் அம்மா, கரண்டியோடு நின்றாள்.

"டீச்சர், நீங்களுமா?"

"ஆமா மெகரு."

"என் பொண்ணு எட்டாவதோட நின்னதுக்கு மாமியாருக்கு உடம்பு சரியில்லன்னு உங்ககிட்ட சொன்னேன். அது இல்ல டீச்சர். கதவுதான்."

"எனக்குத் தெரியும்" என்றார் டீச்சர்.

தணிகாசலம் வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு அருகில் வந்தார். "என்ன கதவு?"

அப்போது ஜெபமணி தன் வீட்டிலிருந்து நாலு ஸ்டூல்களைத் தூக்கிக்கொண்டு வந்தார். எழுபது வயசிருக்கும். திடீரென்று அக்கம்பக்கம் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்தார். அவருடைய தேர்தல் நோட்டீஸில் எப்போதும் ஒரே ஒரு வாக்குறுதிதான் இருக்கும், அதை அவரே டைப் அடித்து நகல் எடுத்துக் கொடுப்பார்: நகராட்சி உயர்நிலைப் பள்ளிப் பெண்கள் கழிப்பறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள். மற்ற இரண்டு கட்சிகளும் இந்தப் பதினாறு வருஷத்தில் இந்த ஊருக்கு மேம்பாலம், மெட்ரோ ரயில், கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை, இருபதாயிரம் பேருக்கு வேலை தரும் பூங்கா எல்லாம் தருவதாகச் சொல்லியிருந்தன. தாழ்ப்பாளை யாரும் சொல்லவில்லை.

"தாழ்ப்பாளுக்கா?" என்றார் தணிகாசலம். "ஒரு தாழ்ப்பாளுக்கா மரகதம்? என்கிட்ட சொல்லியிருந்தா ஆளை அனுப்பிப் போட்டிருப்பேனே. நம்ம கடையில இல்லாத தாழ்ப்பாளா?"

"சொன்னேன். ஒன்பது தடவை சொன்னேன். கமிஷனர்கிட்ட பேசுறேன்னீங்க."

"நீயே ஒண்ணு எடுத்துட்டுப் போய்ப் போட வேண்டியதுதானே?"

"போட்டேன். நகராட்சிச் சொத்துல அனுமதி இல்லாம கை வச்சேன்னு மெமோ கொடுத்துக் கழட்டிட்டாங்க. அந்த மெமோவை உங்ககிட்டதான் காட்டினேன். எழுத்துப் பிழையில்லாம இருக்குன்னு சொன்னீங்க."

தணிகாசலத்துக்கு அது ஞாபகமில்லை. ஆனால் தான் அப்படித்தான் சொல்லியிருப்போம் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். ஜெபமணி நீட்டிய ஸ்டூலில் உட்கார்ந்தார். அது முக்காலி என்பது உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. டீச்சர் காபி கொண்டுவந்து கொடுத்தார். குடித்தார்.

ஓட்டு எண்ணிக்கை அன்று குடைக் கட்சி பத்தொன்பது ஓட்டில் தோற்றது. முக்காலிக்கு நாற்பத்திரண்டு. ஏரிக்கரையில் நிற்கிற நாற்பத்தொன்றோடு ஜெபமணியுடையதையும் கூட்டினால் சரியாக வந்தது, எண்ணிக்கை அதிகாரிகள் ஏரிக்கரையைப் பார்த்தே எண்ணியிருக்கலாம். மறுநாள் மாவட்டச் செயலாளர் மூன்று கார்களோடு ஏரிக்கரைக்கு வந்து, நீல டைல்ஸ் சமையற்கட்டை வெளியிலிருந்தே ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது உங்களுதுதானே தணிகாசலம்?"

"ஆமாங்கண்ணே."

"இதை எப்ப வீட்டுக்குக் கொண்டு வரப் போறீங்க?"

"அடுத்த தேர்தலுக்கு முன்னாடி நகராதாம் அண்ணே."

"நகராட்சித் தேர்தல் ஏழு மாசத்துல. ஒன்பதாவது வார்டுல நீங்கதான் நிக்கிறீங்க. சொந்தச் சமையற்கட்டைக் கொண்டுவர முடியாதவன் கட்சிக்கு எதைக் கொண்டு வருவான்னு மேல கேக்குறாங்க. நான் கேக்கல, மேல கேக்குறாங்க."

பேசிக்கொண்டிருக்கும்போதே மெகருன்னிசாவின் அடுப்பில் வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. மாவட்டச் செயலாளர் காலையில் சாப்பிடாமல் வந்திருந்தார். மூன்று கார்களில் வந்தவர்களும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

அந்த ஏழு மாதத்தில் ஊர் இந்த ஏற்பாட்டுக்குப் பழகிக்கொண்டது. ஊர் எதற்குத்தான் பழகாது, தண்ணீர் லாரிக்குப் பழகியது, மழைக்காலத்துப் படகுக்குப் பழகியது, இதற்கும் பழகியது. வீட்டுத் தரகர்கள் தெரு முழுக்க ஒரே கட்சி, அமைதியான சூழல் என்று போர்டு வைத்தார்கள். ஆறு மாதத்தில் அந்தத் தெருக்களில்தான் சண்டை அதிகமானது, ஒரே கட்சிக்காரர்களுக்குள் யார் அதிகக் கட்சிக்காரன் என்று. வரன் பார்க்க வந்தவர்கள் வாஸ்துவையும் தண்டவாளத்தையும் சேர்த்துக் கேட்டார்கள். இரு கட்சிப் பேச்சாளர்களும் தங்கள் பக்கத்தில் எதிர்த்துப் பேச ஆளில்லாமல் போனதால் தண்டவாளத்தருகே நின்று அந்தப் பக்கம் பார்த்துக் கத்தினார்கள், ரயில் வரும்போது நிறுத்திவிட்டுப் பிறகு தொடர்ந்தார்கள். டீச்சர் தன் பாகத்து முகவரிகளைத் திருத்த வேண்டுமே என்று தாலுகா ஆபீசுக்கு எழுதினார். வாக்காளர் வீடு மாறினால் படிவம் எட்டு உண்டு, வீடே மாறினால் அதற்குப் படிவம் இல்லை, எனவே பழைய பட்டியலே செல்லும் என்று பதில் வந்தது. கொன்றைப்பாக்கத்து வீடுகள் நகர்ந்ததற்கு அரசாங்கத்திடம் இருக்கும் ஒரே ஆதாரம் அந்தக் கடிதம்தான்.

ஏரிக்கரையில் மட்டும் எல்லாரும் வந்தார்கள். முப்பத்தெட்டுச் சமையற்கட்டுக்காரர்களின் புருஷன்மார், மாமனார்கள், பிள்ளைகள், மேற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும், குடையும் ஊஞ்சலும், மூன்று வேளையும் நடந்தும் வண்டியிலும் வந்து, ஜெபமணியின் ஸ்டூல்களில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். பக்கத்து வாசலில் என்ன குழம்பு என்று எட்டிப் பார்த்துக் கிண்ணத்தை நீட்டினார்கள். வாயில் சோறு இருக்கும்போது அரசியல் பேசுவது கஷ்டம் என்பதைப் பல பேர் அங்கேதான் கண்டுபிடித்தார்கள். டீச்சர் காலையில் கேட்டைத் தாண்டிப் போய்ச் சமைத்து, அங்கிருந்தே பள்ளிக்கூடம் போய், சாயங்காலம் திரும்பவும் சமைத்து, இருட்டுவதற்குள் படுக்கையறைக்கு வந்துவிடுவார். படுக்கையறை அசையாமல் பழைய இடத்திலேயே இருந்தது. அதற்கு யாரும் காரணம் கேட்கவில்லை.

நகராட்சித் தேர்தல் வந்தது. ஒன்பதாவது வார்டில் குடைக்குத் தணிகாசலம், ஊஞ்சலுக்கு ஒரு கேட்டரிங்காரர், முக்காலிக்கு ஜெபமணி. மனுத் தாக்கல் செய்த அன்று தணிகாசலம் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"ஊர்ல எல்லார்கிட்டயும் கேட்டாச்சு. உன்கிட்டதான் கேக்கல."

"கேளுங்க."

"ஒரு ஓட்டு."

டீச்சர் தட்டைக் கழுவிக் கவிழ்த்தார். "தாழ்ப்பாள் போட்டுட்டு வந்து கேளுங்க. அதுக்கப்புறம் யோசிக்கிறேன்."

இத்தனைக்கும் தேர்தல் நடத்தை விதி அமலுக்கு வந்து ஆறு நாள் ஆகியிருந்தது. அரசுக் கட்டடத்தில் வேட்பாளர் ஓர் ஆணி அடித்தாலும் அது வாக்காளருக்குக் கொடுக்கும் ஆதாயம். டீச்சருக்கு அது தெரியும், தேர்தல் வேலை பார்க்கிறவர். தணிகாசலத்தால் முடியாது என்று தெரிந்துதான் கேட்டாரா என்று பிற்பாடு மெகருன்னிசா கேட்டபோது, டீச்சர் அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கிக் குழம்பைக் கிளறினார்.

சனிக்கிழமை பத்தாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கிளாஸ். டீச்சர் போர்டில் இருபடிச் சமன்பாடு எழுதிக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியாக, வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் கையில் ஸ்குரூ டிரைவரும் இடுப்பில் சின்னப் பொட்டலமுமாகக் கட்டடத்துக்குப் பின்புறம் போவது தெரிந்தது. சாக்பீஸை வைத்துவிட்டு அவர் வெளியே வருவதற்குள் கால் மணி நேரம் ஆகிவிட்டது, ஒரு பெண்ணுக்குப் பாடத்தில் சந்தேகம். வந்து பார்த்தபோது பறக்கும் படை ஜீப் நின்றது. யாரோ போன் செய்திருந்தார்கள். கதவில் பாதி முடுக்கின தாழ்ப்பாள் தொங்கியது. முன்னால் தணிகாசலம், கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். ஒரு அதிகாரி போட்டோ எடுத்தார், இன்னொருவர் மிச்ச ஸ்குரூவைக் கழற்றினார்.

"என்ன சார் இது?" என்று அதிகாரி கேட்டார்.

"தாழ்ப்பாள்."

"எதுக்குப் போடறீங்க?"

"மூடுறதுக்கு."

அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார். ஒரு எவர்சில்வர் தாழ்ப்பாள், எட்டங்குலம், ஸ்குரூ ஆறு என்று ரசீது கொடுத்து, துணிப் பையில் போட்டு அரக்கு வைத்து எடுத்துப் போனார்கள். தாலுகா ஆபீஸ் அறையில் பறிமுதலான புடவைகளுக்கும் குக்கர்களுக்கும் நடுவில் அதுவும் வைக்கப்பட்டது. தணிகாசலம் டீச்சரைப் பார்த்தார். ரசீதைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்குச் சாப்பிட ஏரிக்கரைக்கும் வரவில்லை. டீச்சர் அவருக்கு எடுத்துவைத்த சாதத்தில் தண்ணீர் ஊற்றும்போது, இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் தனக்காகத் தன் கையால் செய்த முதல் வேலை இப்போது அரக்கு முத்திரையோடு அரசாங்கத்திடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

ஓட்டுப் பதிவு அமைதியாக நடந்தது. இருவரும் ஒரே வரிசையில், ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமுமாக நின்று போட்டுவிட்டு வந்தார்கள்.

மறுநாள் காலை டீச்சர் வழக்கம்போல ஏரிக்கரைக்குக் கிளம்பினார். படுக்கையறைக் கதவைத் திறந்ததும் நீல டைல்ஸ் தெரிந்தது. சமையற்கட்டு பழைய இடத்துக்கு வந்து, கறிவேப்பிலைச் செடியை ஓரமாக ஒதுக்கிவிட்டு நின்றிருந்தது. அவருக்கு அதில் ஆச்சரியமில்லை, பட்டனை அழுத்தினவர் அவர்தானே. ஆனால் நடுவில் இருந்த கூடத்தைக் காணவில்லை. டிவி, சோபா, சுவரில் மாட்டியிருந்த தலைவர் படம், தணிகாசலம் பேப்பர் படிக்கிற சாய்வு நாற்காலி எதுவும் இல்லை, அதில் உட்கார்ந்திருக்க வேண்டியவரும் இல்லை. அந்த இடத்தில் தரை மட்டும் ஈரமாக இருந்தது.

டீச்சர் கொஞ்ச நேரம் அந்த ஈரத்தைப் பார்த்தார். பிறகு பாலை அடுப்பில் வைத்தார். ஒரு ஃபிளாஸ்கில் காபியும் டிபன் கேரியரில் நாலு இட்லியும் எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்கு நடந்தார்.

முடிவு இரண்டு நாளில் வந்தது. ஊஞ்சல் அறுநூற்றுப் பதினொன்று, குடை அறுநூற்றுப் பத்து, முக்காலி இருபத்தேழு. ஒரு ஓட்டில் தோற்ற வேட்பாளர் யாருடைய ஓட்டில் தோற்றார் என்பதை யாரும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. தலைவர் படத்தோடு ஒரு கூடம் ஏரிக்கரையில், ஜெபமணி வீட்டு வாசலுக்கு நேர் எதிரே நின்றது. மாவட்டச் செயலாளர் இந்தத் தடவை காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு ஏற்றிக்கொண்டார். வட்டச் செயலாளர் பதவி மறுவாரமே வேறொருவருக்குப் போயிற்று. தணிகாசலம் கடையில் உட்கார்ந்து கீல் விற்றார். ஒரு நாள் நீலச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

புதிதாக ஜெயித்த ஊஞ்சல் கவுன்சிலருக்கு ஒரு ஓட்டு வித்தியாசம் பயமாக இருந்தது. பதவியேற்ற பத்தாம் நாள் அவர் செய்த முதல் காரியம் தாழ்ப்பாள் போட்டது. கழிப்பறையைவிடப் பெரிய பிளெக்ஸ் வைத்து, நாதஸ்வரம் வைத்து, கதவுக்கு ரிப்பன் கட்டி வெட்டினார். விழாவுக்கு அழைக்கப்பட்ட ஜெபமணி முதல் வரிசையில் உட்கார்ந்து, இனிமேல் எதைச் சொல்லி நிற்பது என்ற கவலையில் கை தட்ட மறந்துவிட்டார். கூட்டம் கலைந்து பிளெக்ஸையும் எடுத்துக்கொண்டு போன பிறகு, டீச்சர் மாடி வராந்தாவில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தபோது, கீழே பின்பக்கத்திலிருந்து உலோகம் உலோகத்தில் விழும் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. சற்று நேரம் கழித்து மறுபடியும் ஒரு தடவை. யாரோ ஒரு பெண் பூட்டி, திறந்து, பூட்டிப் பார்க்கிறாள். டீச்சர் சிவப்புப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த தேர்தலுக்கு இன்னும் வருஷங்கள் இருந்தன. அதுவரை தணிகாசலம் சாப்பிட மேற்கே வந்தார், டீச்சர் டிவி பார்க்க ஏரிக்கரைக்குப் போனார். ஒரு நாள் சாயங்காலம் அவர் தண்டவாளத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட, எதிரே வந்த டீச்சர் தாண்டுவதற்குள் கேட் மூடிவிட்டது. கேட்டுக்கு மேற்கே, பூ விற்கிறவள் பக்கத்தில், இருவரும் சேர்ந்து நின்றார்கள்.

"ஏன்னு நீ இன்னும் கேக்கலையே" என்றார் தணிகாசலம்.

"சொல்லணும்னா சொல்லுங்க."

"தாழ்ப்பாள் போடப் போன அன்னைக்கு அளவு சரியா இருக்கான்னு உள்ள போய்க் கதவைச் சாத்திப் பாத்தேன். தாழ்ப்பாள் இல்லாததால நிக்கல, கையால புடிச்சுக்கிட்டு நின்னேன். வெளியே ஒரு பொண்ணு வந்தது போல. யாரோ உள்ள இருக்காங்கன்னு தெரிஞ்சு, நீங்க போங்க, நான் புடிச்சுக்கிறேன்னுச்சு. யாரு என்னன்னுகூடக் கேக்கல. கதவு இடுக்குல தெரிஞ்சுது, ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு, திரும்பி நின்னுக்கிட்டு, ஏதோ பாடம் ஒப்பிக்குது." அவர் தண்டவாளத்தைப் பார்த்தார். "பத்தொன்பது வருஷம் கமிஷனர்கிட்ட பேசுறேன்னு சொன்னவன். ஜெயிச்சிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்னு தோணுச்சு."

டீச்சர் பூ விற்கிறவளிடம் ஒரு முழம் வாங்கினார். மின்சார ரயில் இரண்டு பேருக்கும் முன்னால் தடதடவென்று போயிற்று. ஜன்னல்களில் மேற்கு ஆட்களும் கிழக்கு ஆட்களும் ஒரே கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போனார்கள்.

"மரகதம்."

"ம்."

"அடுத்த தடவையாவது ரெண்டு பேரும் முன்னாடியே பேசி வச்சுக்கிட்டுப் போடுவோமா? கூடமும் சமையற்கட்டும் ஒரே இடத்துல இருக்கும்."

டீச்சர் பூவைத் தலையில் செருகிக்கொண்டார். கேட் மெதுவாக மேலே ஏறியது.

"அதெல்லாம் முடியாதுங்க" என்றார். "ஓட்டு ரகசியம்."